முதற்செய்தி கேட்ட எல்லையம்மன்

கடலோரச் சிற்றூராகிய மணல்திட்டில், கணினி மையத்தைப் பெருக்கித் துடைத்து வயிறு வளர்த்தவர் தனபாக்கியம் அம்மையார். விடியலில் திரையில் வரும் காற்று, அலை, மீன்விலைச் செய்திகளை ஒலிபெருக்கியில் ஊருக்கு வாசிப்பதும் அவர் பணியே. கணவரைக் கடலுக்குக் கொடுத்தவர். கடலுக்குப் போகிறவர்களுக்கு எல்லையம்மனே துணை என்று நம்பியவர். ஆகவே எந்தச் செய்தியையும் முதலில் ஓடிப்போய் அம்மன் சந்நிதியில் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குச் சொல்வார்.

ஊர் சும்மா இருக்குமா? "அம்மனுக்கு எதுக்கு ஆத்தா நெத்திலி வெல? கொழம்பு வெக்கப்போவுதா?" என்று சிரித்தது.

"அவ புள்ளைங்க புடிச்ச மீனு, வெல தெரியவேணாமா?" என்று அம்மையாரும் சிரித்துவிட்டு நடையைக் கட்டுவார்.

மையத்தின் பொறுப்பாளர் குணசேகரனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. செய்தி தாமதமாகிறது என்று மைக்கைப் பிடுங்கி அறையில் வைத்துப் பூட்டினார்; இனித் தாமே வாசிப்பதாகச் சொன்னார். ஆயினும் அம்மையார் துடைப்பத்தையும் விடவில்லை, அம்மனையும் விடவில்லை.

ஆடித் திருவிழா தொடங்கும் நாள். குணசேகரன் வெளியூர் போயிருந்தார். பெருக்க வந்த அம்மையார் திரையைப் பார்த்துப் பதறினார். சூறைக்காற்று வருகிறதாம், யாரும் கடலுக்குப் போகக் கூடாதாம்! படகுகளோ அப்போதுதான் தண்ணீரில் இறங்கியிருந்தன. கரையில் நின்று கத்தினார். எஞ்சின் இரைச்சலில் எடுபடவில்லை. வேறு போக்கிடம் ஏது? ஓடிப்போய்ச் சந்நிதியில் விழுந்தார்.

"தாயே, சூறக்காத்து வருதாம்! புள்ளைங்களத் திருப்பி அனுப்பு! காதுல வாங்குடி ஆத்தா! அந்தக் குணசேகரனுக்கும் கொஞ்சம் புத்தியக் குடு!"

திருவிழாவுக்காகத் தென்னைகளில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகள் அத்தனையும் அதை முழங்கின. அலை தாண்டப்போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கடைசிப் படகைச் சூறை துரத்திக்கொண்டே கரைக்கு வந்தது. ஓர் உயிருக்கும் சேதமில்லை.

"யாருப்பா மைக்கு போட்டது?" என்று பூசாரி கேட்டார்.

மைக்செட்காரர் சபாபதி வாசலில் நின்ற வண்டியைக் காட்டினார். "மைக்கு ஏது சாமி? ஆம்ப்ளிபயரு இன்னும் வண்டிய விட்டே எறங்கலியே!"

கூடியிருந்தவர்களின் கைகள் தாமே குவிந்தன. சூறை ஓய்ந்ததும் திரும்பி வந்த குணசேகரன், தம் பெயர் ஊரெங்கும் முழங்கிய கதையைக் கேட்டு வெட்கிச் சிரித்தார். மைக்கைக் கொண்டுபோய்ச் சந்நிதியிலேயே மாட்டினார். "இங்கேருந்தே வாசிங்க ஆத்தா. அம்மனுக்கும் ஊருக்கும் ஒண்ணா கேக்கட்டும்."

மறுநாள் விடியற்செய்தியை ஊரே வாசலில் நின்று கேட்டது. "தாயே, இன்னிக்கு அலையும் கொறவு, காத்தும் கொறவு. புள்ளைங்க போயிட்டு வரட்டும். நீ செத்த கண்ணசரு."

அம்மனையே உறங்கச் சொல்லும் உரிமை பெற்ற அந்த அம்மையாரின் திருவடிகள் வாழ்க.