பரிவட்டம் கட்டிய புறா

குன்றையூர் மன்னர் கங்காதர பூபதிக்கு அன்று மூக்குக்கு மேல் கோபம். இருக்காதா பின்னே? முத்துத்துறைத் துறைமுகத்திலிருந்து பல்லக்கில் கிளம்பியபோது, "வந்துகொண்டிருக்கிறேன்" என்று ஓலை கட்டி ஒரு புறாவைப் பறக்கவிட்டார். புறா அன்று மத்தியானமே அரண்மனைக்கு வந்துவிட்டது. மன்னர் வந்து இறங்கியதோ நான்காம் நாள்! அவருக்காக ஆக்கிய விருந்தெல்லாம் ஊசிப்போயிருந்தது.

"எல்லாம் பல்லக்குத் தூக்குகிறவர்களின் சோம்பல், பிரபு," என்று தூபம் போட்டார் தளவாய் இரணியப்பர். அந்த வேலையில் தன் மச்சினனின் ஆட்களை நுழைக்க அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"அப்படியா? அவர்களைக் குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்!"

பல்லக்குக்காரர்களின் தலைவன் காத்தவன் கையெடுத்துக் கும்பிட்டான். வீட்டில் நிறைமாத மகள். எங்கே போவான் பாவம்?

அவைப்புலவர் திருமேனிக்கு உண்மை தெரியும். அவரும் அந்தப் பயணத்தில் கூடவே வந்தவர். ஊருக்கு ஊர் பல்லக்கு இறங்கும். மன்னர் தலையில் கோயில் பட்டுத்துணியால் பரிவட்டம் கட்டுவார்கள். மாலை, ஆரத்தி, உள்ளூர்ப் புலவரின் முடிவில்லாத பாட்டு, அப்புறம் சாப்பாடு, அப்புறம் ஒரு தூக்கம். ஆனால் இதை மன்னர் முகத்துக்கு நேரே சொன்னால் கழுத்தில் தலை இருக்குமா?

"பிரபு, இன்னொரு முறை சோதித்துப் பார்ப்போமே," என்றார் திருமேனி. "பல்லக்கில் தங்கள் எடைக்கு அரிசி மூட்டை ஏற்றுவோம். புறா தங்கள் முத்திரை மோதிரத்தைச் சுமக்கட்டும். இரண்டும் முத்துத்துறையிலிருந்து கிளம்பட்டும்."

"செய்யுங்கள்!"

தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஒரே ஒரு சந்தேகம், பிரபு," என்று இழுத்தார் திருமேனி. "மோதிரம் வந்தால் தாங்களே வந்த மாதிரி. ஊர்க்காரர்கள் பரிவட்டத்தோடு காத்திருக்க, புறா பாட்டுக்கு மேலே பறந்து போய்விட்டால்..."

மன்னர் துள்ளி எழுந்தார். "என் மோதிரத்துக்கு மரியாதை இல்லாமலா? தளவாய்! புறாவைக் கூண்டோடு நீரே கொண்டு வாரும். ஒவ்வோர் ஊரிலும் இறக்கி மரியாதையை வாங்கும். கடைசி ஊரில் பறக்கவிடும்!"

தளவாயின் முகம் தொங்கிவிட்டது. மன்னருக்கு மரியாதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கென்ன பைத்தியமா?

அரிசி மூட்டைப் பல்லக்கு கிளம்பிய அன்றே, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வந்துவிட்டது. அரிசி மூட்டைக்கு யார் ஆரத்தி எடுப்பார்கள்?

புறாவைத்தான் காணோம். ஒருவழியாக ஐந்தாம் நாள், வேர்த்து விறுவிறுத்துக் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார் தளவாய்.

"கடைசி ஊரில் திறந்துவிட்டேன், பிரபு. பறக்கவே மாட்டேன் என்கிறது!"

மன்னர் கூண்டைத் திறந்தார். போன ஊரிலெல்லாம் பொரியும் பருப்பும் தின்று பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தது புறா. தலையில் துளியூண்டு பட்டுத்துணி. இறக்கையை அசைக்கக்கூட இல்லை. கழுத்தை மட்டும் ஒய்யாரமாக நீட்டியது.

"நன்றாகத்தானே பறந்துகொண்டிருந்தது! என்ன ஆயிற்று இதற்கு, திருமேனி?"

"ஒன்றும் ஆகவில்லை, பிரபு. பறவையாகப் போனது, மன்னராக வந்திருக்கிறது."

மன்னர் புறாவைப் பார்த்தார், அரிசி மூட்டையைப் பார்த்தார், தன் தொந்தியையும் பார்த்தார். பிறகு பாருங்கள், ஒரு சிரிப்பு! சிம்மாசனமே குலுங்கியது.

"காத்தவா, நீ எங்கேயும் போக வேண்டாம். மகளைப் போய்ப் பார்!" என்று கையிலிருந்த காப்பைக் கழற்றிக் கொடுத்தார். காத்தவன் அழுதே விட்டான்.

"தளவாய், என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்? அதன் கழுத்தில் சீக்கிரம் ஒரு மாலையைப் போடும். போடாவிட்டால் நாளைக்கும் இப்படியே நிற்கும். எனக்குத் தெரியாதா!"