கிரைண்டர் விலைக் குறைப்புப் போராட்டம்

எலந்தக்குழியில் முப்பது வருடமாக விலைவாசியை எதிர்த்துப் போராடியவர் பொன்னிவளவன். விலைவாசிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவேயில்லை என்பது வேறு விஷயம். அவருடைய மாபெரும் இயக்கத்தில் அவரையும் சேர்த்து நான்கு பேர். கொளஞ்சி, மாசானம், அஞ்சாமணி மூவரும் தலைவர் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள். "யார் எந்த விலையைச் சொன்னாலும் அந்த இடத்திலேயே எதிர்க்க வேண்டும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த மூவருக்கும் ஊரில் யாரும் டீ போட்டுக் கொடுப்பதில்லை.

இப்பேர்ப்பட்ட தலைவர், 'விலை சொல்லு, அள்ளிச் செல்லு' என்ற டிவி போட்டிக்கு ஒருவருக்கும் தெரியாமல் எழுதிப் போட்டார். பொருளைக் காட்டுவார்கள். சரியான விலையைச் சொன்னால் பொருள் நமக்கு. எல்லாம் மனைவி தையல்நாயகியால் வந்தது. ஆட்டுக்கல்லில் அரைத்து அரைத்துத் தோள்பட்டை போய்விட்டது, கிரைண்டர் வந்தால்தான் இந்த வீட்டில் இட்லி என்று அவள் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. புரட்சியாளர் நான்கு மாதமாக உப்புமா தின்றுகொண்டிருந்தார்.

அழைப்பு வந்தது. கடை கடையாய் ஏறி விலைகளை மனப்பாடம் செய்தார். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது போட்டியையே நிறுத்திவிட்டார்கள். செல்போனைத் தட்டினால் விலை வந்து நிற்கிறதாம், பார்க்க ஆளில்லையாம். தலைவர் துண்டறிக்கை அடித்தார்: 'மக்களின் ஊகிக்கும் உரிமையைப் பறிக்காதே.'

நால்வரும் டிவி நிலையத்து வாசலில் போய் உட்கார்ந்தார்கள். மத்தியானம் மேலாளர் வெளியே வந்தார். நல்ல மனிதர்.

"ஐயா, போட்டி முடிஞ்சுபோச்சு. செட்டைக்கூடப் பிரிச்சு வித்தாச்சு. ஒரே ஒரு கிரைண்டர் மிச்சம் இருக்கு. அழைப்பு வச்சிருக்கிறவர் நீங்க ஒருத்தர்தான். விலையைச் சொல்லுங்க, எடுத்துட்டுப் போங்க."

பொன்னிவளவன் கண்ணை மூடினார். ஆவி பறக்கும் இட்லி தெரிந்தது. "ஐயாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தொம்பது."

மேலாளர் தலையை ஆட்டுவதற்குள் மூவரும் எழுந்து நின்றார்கள். "குறை, குறை, விலையைக் குறை."

"டேய், இப்ப வேண்டாம்டா," என்றார் தலைவர்.

"நம்மளச் சோதிக்கிறாரு," என்றான் மாசானம். "விடாதீங்க."

அது தலைவரே மெட்டுக் கட்டிய கோஷம். முப்பது வருடப் பழக்கத்தில் அவர் கை தானாக மேலே போனது. "ஐயாயிரம்," என்றார்.

"முதல்ல சொன்னதுதாங்க சரி," என்றார் மேலாளர்.

"முதல்ல சொன்னதுதான் அநியாயம்," என்றான் கொளஞ்சி.

மூன்று மணிக்கு விலை நாலாயிரம் ஆனது. நாலரைக்கு எழுநூறு. முப்பது வருடத்தில் கிடைக்காத வெற்றி கண்முன்னே கிடைத்துக்கொண்டிருந்தபோது எந்தத் தலைவனால் நிறுத்த முடியும்? ஐந்து மணிக்குப் பூஜ்யம். மேலாளருக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

"சரி, பூஜ்யமே இருக்கட்டும். சும்மாவே எடுத்துட்டுப் போங்க," என்று கிரைண்டரைப் படியில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

தலைவர் இரண்டு கையையும் நீட்டினார். அஞ்சாமணி குறுக்கே வந்தான்.

"தலைவரே, சும்மான்னா இலவசம். இலவசம் வாங்குறவனுக்குத் தன்மானம் இல்லைன்னு போன வருஷம் நோட்டீஸ் போட்டிருக்கு."

"யாருடா போட்டது?"

"நீங்கதான்."

கை மடங்கியது. மாசானம் யோசித்தான். "விட்டுட்டுப் போனா வேற எவனாவது சும்மா தூக்கிட்டுப் போயிடுவானே."

"அவன் தன்மானம் என்ன ஆகுறது?" என்றான் கொளஞ்சி, நிஜமான கவலையோடு.

எனவே யாருடைய தன்மானமும் போய்விடாதபடி நால்வரும் கிரைண்டருக்குக் காவல் இருந்தார்கள்.

மறுநாள் காலை, ராத்திரி வீடு திரும்பாத கணவரைத் தேடித் தையல்நாயகி ஆட்டோவில் வந்து இறங்கினாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டோக்காரரும் அவளுமாகக் கிரைண்டரைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார்கள். மூவரும் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள். தொண்டர்களுக்கு முன்னால் தலைவன் பின்தங்கலாமா? முன்சக்கரத்துக்கு நேராக முதல் ஆளாகப் படுத்தார் பொன்னிவளவன். மற்றவர்கள் வரிசையாகப் படுத்தார்கள்.

"இலவசம் ஒழிக," என்று வானத்தைப் பார்த்து முழங்கினார். பிறகு தலையை மட்டும் மனைவி பக்கம் திருப்பி, குரலைத் தாழ்த்தி, "தையலு, வண்டியைப் பின்னாடி எடுத்து அந்தச் சந்து வழியாப் போனா நாங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள போயிடலாம். எனக்கு நாலு இட்லி எடுத்து வையி," என்றார்.