கட்டை விரல் நிழல்

விருது வாங்கிய அமெரிக்க நாவல் எதுவானாலும், எங்கள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் திருவேங்கடம் சொன்னதுதான் தீர்ப்பு. ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே அப்படியொரு நாவலை ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்த பொற்கொடி, வாய்மொழித் தேர்வில் அவரிடமே மாட்டினாள்.

"நாவலோட கடைசியில அம்மா வீடு திரும்புறா சார்," என்றாள்.

அவர் சிரித்தார். "எங்க திரும்புறா? அவ கதவைத் தொடும்போது பாதி வாக்கியத்துல கதை நிக்குது. விருதே அதுக்குத்தான்! அந்தப் பக்கத்து ஓரத்துல கறுப்பா ஒரு நிழல் இருக்கே, அதுதான் தாயில்லாத வெறுமை. அதைப் பத்தி நாற்பது பக்கம் எழுதியிருக்கேன். அவ திரும்புறான்னு இப்பவே நிரூபி. இல்லேன்னா பட்டத்தை மறந்துடு."

பொற்கொடி கட்டை விரலை நீட்டினாள். "அந்த நிழல் இதுதான் சார். உங்களுக்கு ஜெராக்ஸ் போட்டவ நான். அந்தப் பக்கம் எடுத்ததும் கரண்ட் போயிடுச்சு. மிச்சத்தை நாளைக்கு வாங்கிக்கங்கன்னேன். நீங்க வரவே இல்ல."

பையிலிருந்து மிச்ச அறுபது பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

மற்ற தேர்வாளர்கள் இருவரும் தங்கள் பிரதியைப் புரட்டினார்கள். அவருடையதிலிருந்து எடுத்த நகல்கள். இரண்டிலும் அதே விரல். இருவருமே அந்த நிழலைப் புகழ்ந்து கட்டுரை எழுதியவர்கள்.

மூவரும் குசுகுசுத்தார்கள். "ஆய்வேட்டில் பிழை உள்ளது. திருத்தி மறுபடி சமர்ப்பிக்கவும்" என்று எழுதி, அவளிடம் கையெழுத்து கேட்டார்கள்.

பொற்கொடி பேனாவைத் தொடவில்லை. ஸ்டாம்ப் பேடில் விரலை அழுத்திக் கைநாட்டு வைத்தாள்.

"இதுக்கும் நாற்பது பக்கம் எழுதுங்க சார்," என்றாள்.