மங்கல் யாருடையது

இளவேணி வீட்டுக் கருவிகளுக்கு ஆண்டு முழுவதும் வேலை. ஆயுத பூஜை அன்று மட்டும் விடுமுறை. அன்று அவற்றைத் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் பலகை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். மறுநாள் வரை யாரும் தொட மாட்டார்கள். வேலை இல்லாத இடத்தில் பேச்சு தொடங்குவது மனிதர்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை.

இளவேணி கடலூரில் குழந்தைகளையும் மணமக்களையும் படம் பிடித்துப் பிழைப்பவள். அவளிடம் இருந்தவை ஒரு கேமரா, அதில் மாட்ட ஒரே ஒரு லென்ஸ், ஒரு ஃப்ளாஷ், ஒரு மெமரி கார்டு. அந்த ஆண்டும் கேமராவின் ஓரத்தில் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். ஃப்ளாஷுக்கும் அப்படியே. லென்ஸுக்கு மட்டும் கழுத்தைச் சுற்றி, வளையத்தின் இடுக்கெல்லாம் நிறையும்படி ஈரச் சந்தனம் பூசி, அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

"இதுதானே கண்ணு" என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்வதை இந்த ஆண்டும் சொன்னாள். லென்ஸ் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

கற்பூரம் அணைந்ததும், படங்களைக் கணினியில் திருத்தித் தரும் அவளுடைய தம்பி திருமாறன் பேச்சை எடுத்தான். போன மாதக் கல்யாண ஆல்பம் திரும்பி வந்திருந்தது. பெண்ணின் அப்பா பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, இதையெல்லாம் இட்லிக் கொப்பரைக்குள் இருந்து எடுத்தீர்களா என்று கேட்டிருந்தார். அத்தனை படத்திலும் ஆவி படிந்ததுபோல் ஒரு மங்கல். கார்த்திகையில் ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணத்தை ஒப்புக்கொண்டிருந்தாள். அதுவும் இப்படி வந்தால் இந்த ஊரில் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. அதில் புதுக் கேமரா வாங்கலாம், அல்லது நல்ல லென்ஸ் வாங்கலாம். இரண்டும் முடியாது. லென்ஸை வாங்கினால் பல வருஷம் உழைக்கும், கேமராதான் வருஷா வருஷம் பழசாகிறது என்று எங்கோ கேட்டிருந்ததை இளவேணி சொன்னாள்.

"இந்தக் கேமரா நான் பத்தாவது படிக்கும்போது வாங்குனது, அக்கா. இப்ப எனக்கு மீசையே வந்துடுச்சு."

"அதுக்குப் பேரு மீசையாடா?"

திருமாறன் அதைக் காதில் வாங்காமல் மேலே பேசினான். பழைய கேமராவைக் கொடுத்தால் கேமராக் கடை மீரான் பாய் எடுத்துக்கொண்டு புதியதன் விலையில் கழித்துக்கொள்வார். லென்ஸ் வாங்கினால் பழைய லென்ஸைப் பரணில்தான் போட வேண்டும். நாளைக்குக் காலையில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றாள் இளவேணி. இருவரும் பொரிகடலை சாப்பிடப் போனார்கள்.

"நம்மில் ஒருவர் போகப்போகிறோம்" என்று ஃப்ளாஷ் பளிச்சென்று சொன்னது. எதையும் அது அப்படித்தான் சொல்லும். சொன்னபின் மூச்சு வாங்கிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் கிடக்கும்.

இத்தனை ஆண்டில் கேமரா ஒரு விசேஷத்துக்கும் போகாமல் இருந்ததில்லை. மழையில் நனைந்திருக்கிறது, பந்தியில் அதன்மேல் ரசம் கொட்டியிருக்கிறது, அப்போதும் வேலை செய்திருக்கிறது. தன்னைக் கொடுத்துவிடுவார்கள் என்று அதற்குத் தோன்றியதே இல்லை.

லென்ஸுக்கும் உள்ளே பயம்தான். ஆனால் அது முந்திக்கொண்டது.

"மங்கலுக்கு நான் காரணமாக இருக்க முடியாது. என் முகத்தைப் பாருங்கள், ஒரு கீறல் உண்டா? எனக்கு எவ்வளவு மரியாதை என்று இன்றைக்கும் பார்த்தீர்கள் அல்லவா? நான் பார்ப்பதைத்தான் இந்தக் கிழடு ஒழுங்காக வாங்கிக்கொள்வதில்லை." பிறகு மெமரி கார்டின் பக்கம் திரும்பியது. "எல்லாப் படமும் உன்னிடம்தானே வந்தது. நீயே சொல்."

"என்னைக் கேட்காதீர்கள். நேற்றுதான் என்னை அழித்தார்கள். உங்களையெல்லாம் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றது மெமரி கார்டு.

சாட்சி இல்லை. கேமராவும் லென்ஸும் சேர்ந்துதான் ஒவ்வொரு படத்தையும் எடுத்திருந்தன. பிரித்துப் பார்க்க அந்த வீட்டில் வேறு லென்ஸும் இல்லை, வேறு கேமராவும் இல்லை.

கேமரா நெடுநேரம் யோசித்தது. அது பொய் சொல்லப் பழகாதது. "லென்ஸ் சொல்வது சரியாக இருக்கலாம். அந்த மங்கல் எனக்கும் தெரிகிறது. என்மேல்தான் தூசி படிந்திருக்கிறது என்று நினைத்து, கண் விழிக்கும்போதெல்லாம் உடம்பை உதறிப் பார்க்கிறேன். போகவில்லை. என்னிடம்தான் ஏதோ கெட்டுவிட்டது."

லென்ஸ் இதை எதிர்பார்க்கவில்லை. எதிராளியே தனக்காகப் பேசுவான் என்று யார் நினைப்பார்கள்? அது மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டது. சொல்லத் தேவையும் இல்லை.

மறுநாள் காலை இளவேணி கேமராவை இயக்கினாள். இன்றைக்காவது தெளிந்துவிட வேண்டும் என்று கேமரா தன் பலத்தையெல்லாம் சேர்த்து உதறியது. உள்ளே கிர்ரென்று சத்தம் கேட்டது.

"கேட்டியாக்கா? உள்ள என்னவோ கழண்டு போச்சு" என்றான் திருமாறன்.

குத்துவிளக்கைப் படம் எடுத்தாள். சுடரைச் சுற்றி அதே மங்கல். அவள் பெருமூச்சு விட்டு லென்ஸைக் கழற்றினாள்.

பிரியும்போது கேமரா லென்ஸிடம் ஒன்று கேட்டுக்கொண்டது. "புதிதாக வருகிறவனிடம் சொல்லிவை. சிரிக்கிற குழந்தையைப் பார்த்தால் இளவேணியும் சிரித்துவிடுவாள். அப்போது கை ஆடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்."

சொல்கிறேன் என்றது லென்ஸ். பிறகு மறந்துவிட்டது.

புதுக் கேமரா மாலையிலேயே வந்துவிட்டது. மினுமினுப்பாக இருந்தது, கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. லென்ஸை அதில் மாட்டினார்கள். தனக்கு ஏற்ற இடம் இப்போதுதான் கிடைத்தது என்று லென்ஸ் நினைத்தது. இளவேணி அதே குத்துவிளக்கின் முன் உட்கார்ந்து ஒரு படம் எடுத்தாள்.

புதுக் கேமரா திடுக்கிட்டது.

"உனக்குள் யாரோ இருக்கிறார்கள்" என்றது.

"உன் பார்வையில்தான் கோளாறு. தூசியாக இருக்கும், உதறிக்கொள்."

"நான் இன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து வெளியே வந்தேன். என்மேல் தூசி படிய எப்போது நேரம் இருந்தது?"



திருமாறன் படத்தைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கினான். சுடரைச் சுற்றி அதே ஆவி. முன்பைவிடத் துல்லியமாகத் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அவன் லென்ஸைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தைப் பின்னாலிருந்து அடித்தான்.

கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. வெள்ளை வெள்ளையாக, நூலைவிட மெல்லிய இழைகள். கிளை விட்டு, கிளையிலிருந்து கிளை விட்டு, பாதிக் கண்ணாடியை மூடியிருந்தன. எல்லா இழைகளும் கழுத்து வளையத்தின் இடுக்கிலிருந்து புறப்பட்டிருந்தன. அந்த இடுக்கில் நேற்று வைத்த சந்தனம் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் போன ஆண்டுச் சந்தனம், அதற்கும் அடியில் அதற்கு முந்தியது.

இளவேணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்டுதோறும் ஈரச் சந்தனம் பூசி, லென்ஸ் கெட்டுவிடக் கூடாதே என்று காற்றுப் படாமல் தோல் உறைக்குள் வைத்து மூடியவை அந்தக் கைகள்தான்.

"நான்தான்டா வெச்சேன்" என்றாள்.

திருமாறன் செல்போன் வெளிச்சத்தை அணைத்தான்.

மறுநாள் இருவரும் லென்ஸை எடுத்துக்கொண்டு மீரான் பாய் கடைக்குப் போனார்கள். அவர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "தொடச்சுத் தரலாம்மா. ஆனா கண்ணாடியத் தின்னுருக்கு. தழும்பு போவாது" என்று சொல்லி, மூடி போடாமல் மேசைமேல் வைத்தார்.

புதுக் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையதையும் ஒரு லென்ஸையும் எடுத்துக்கொள்ளலாமா என்று இளவேணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். புதியதை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. பழையதைத்தான் தர முடியாது. ஒரு கல்லூரிப் பெண் வந்து பார்த்து, அதற்கு நல்ல லென்ஸாக ஒன்று பொறுக்கி மாட்டி, முன்பணமும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து எடுத்துப் போவாள்.

அது மேசையின் மறுகோடியில்தான் இருந்தது. இளவேணி கேட்டு வாங்கிக் கையில் எடுத்தாள். கண்ணில் வைத்து, எதிரே நின்ற திருமாறனை ஒரு படம் எடுத்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

அவன் மேலுதட்டில் இருந்த மீசையின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது.

திருமாறன் எட்டிப் பார்த்தான். வேறு எந்த நாளாக இருந்தாலும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அன்றைக்கு அவள் கேமராவை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டாள். வைத்த இடம் தன் பழைய லென்ஸுக்குப் பக்கத்தில் என்பதை அவள் கவனிக்கவில்லை. கார்த்திகைக் கல்யாணத்துக்கு ஒரு லென்ஸை வாடகைக்குத் தர முடியுமா என்று பாயிடம் தணிந்த குரலில் கேட்கத் தொடங்கினாள்.

பழைய கேமரா லென்ஸை அடையாளம் கண்டுகொண்டது. அதற்கு ஒரே மகிழ்ச்சி.

"உன்னைப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. எனக்குக் குணமாகிவிட்டது, தெரியுமா? அந்த மங்கல் போய்விட்டது. பாய் மேலோடு துடைத்தார், வேறொன்றும் செய்யவில்லை. எப்படிப் போனது என்று எனக்கே புரியவில்லை." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டது. "என்னால் நீயும் கெட்ட பேர் வாங்கினாய். நான் போன பிறகு நீ தெளிவாகத்தானே பார்க்கிறாய்?"

லென்ஸ் தன் மூடியைத் தேடியது.