தவிடு கட்டிய கூடு

"இதோட காலைத்தான் ஆண்டவன் எடுத்துக்கிட்டான். மிச்சத்தை டாக்டர் எடுக்கணுங்கறார். நான் என்ன பண்ணட்டும், சின்னம்மா?"

பரஞ்சோதி முயலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

சின்னம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மலை மேல் இருக்கும் அந்த மடத்துக்கு அவள்தான் குரு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. பரஞ்சோதிக்கு அறுபது தாண்டிவிட்டது. சேலத்தில் தையல் கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு, மனசை அடக்கப்போகிறேன் என்று மலையேறி வந்தார். வந்த இடத்தில் இந்த முயல் வாய்த்தது.

யாரோ ஒரு கூடையில் வைத்து மடத்து வாசலில் விட்டுப் போயிருந்தார்கள். பொட்டை முயல். பிறவியிலேயே பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துகிடந்தன. முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டுதான் நகரும். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. நிறத்தைப் பார்த்துத் தவிடு என்று பேர் வைத்தார் பரஞ்சோதி.

இப்போது அதன் நெஞ்சில் முடியே இல்லை.

"கூடு கட்டுது, சின்னம்மா. பக்கத்துல கடுவன் முயல் கிடையாது. சினையும் கிடையாது. ஆனா பெத்துப் போடப்போற மாதிரி நெஞ்சு முடியைப் பிடுங்கிப் பிடுங்கிக் கூடு கட்டுது."

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த கால்நடை டாக்டர் சாதிக் எட்டிப் பார்த்தார். மாதம் ஒருமுறை மலைக்கு மாடு பார்க்க வருகிறவர்.

"பொய்ச் சினைங்க அது. சில முயலுக்கு வரும். இதுக்கு விடாம வருது. தோலெல்லாம் புண்ணாயிட்டிருக்கு, ஈ மொய்ச்சா புழு வச்சிரும். விட்டுவச்சா பின்னாடி கர்ப்பப்பையில கட்டியும் வரலாம். கர்ப்பப்பையையே எடுத்துடறது நல்லது."

"எடுத்தா எந்திரிக்குமா, அதைச் சொல்லுங்க" என்றார் பரஞ்சோதி.

"மெலிஞ்ச உடம்பு. மயக்க மருந்து தாங்குமான்னு கேட்டா, தாங்கும்னு என்னால கையடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா மழை பிடிச்சா ரோடு அடைச்சிரும். அப்புறம் நீங்க கூப்பிட்டாலும் நான் வரமுடியாது. இன்னைக்குச் சாயங்காலம் கீழே இறங்கறேன். குடுக்கறதுன்னா அப்பக் குடுத்துருங்க."

டாக்டர் ஊருக்குள் போனார்.

பரஞ்சோதி சின்னம்மாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கால் இல்லை. ஒரு கண்ணு இல்லை. இதுக்குன்னு இருக்கிறது இந்த ஒரு ஆசைதான். அதையும் அறுத்துட்டா முயல்னு சொல்ல என்ன இருக்கு? சொல்லுங்க."

சின்னம்மா ஒரு காயை உரித்து முடித்தாள்.

"இன்னைக்குக் கட்டுச்சா?"

"ராத்திரியே கட்டுச்சு."

"கூடு எங்கே?"

"பெருக்கி எருக்குழியில போட்டுட்டேன்."

சின்னம்மாவின் கை நின்றது.

"நம்ம மடத்துச் சட்டம்தானே, சின்னம்மா? விடியறதுக்குள்ள முந்தின நாளோடது எதுவும் தங்கக்கூடாது. பூவானாலும் சரி, சாம்பலானாலும் சரி. நான் ஒருநாள்கூடத் தவறினதில்லை."

"பெருக்கினப்புறம் அது என்ன பண்ணும்?"

"தேடும். எல்லா மூலையிலயும் இழுத்துக்கிட்டுப் போய்த் தேடும். அப்புறம் மறுபடியும் பிடுங்..."

பரஞ்சோதி பாதியில் நிறுத்தினார். அவருடைய உள்ளங்கை தானாகப் போய் முயலின் வெற்று நெஞ்சை மூடியது.

சின்னம்மா அவரைத் திட்டவில்லை.

"போய் எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

எருக்குழி மடத்துக்குப் பின்னால் இருந்தது. மூடுபனி இறங்கியிருந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்த மாட்டுக்கொட்டகைகூடத் தெரியவில்லை. மணி பத்தாகியும் விடிந்த மாதிரி இல்லை.

பரஞ்சோதி குழிக்குள் குனிந்து பார்த்தார்.

சாணி மட்கிக் கரைந்திருந்தது. வாழையிலை கரைந்திருந்தது. பூ கரைந்திருந்தது. கூடுகள் மட்டும் போட்டது போட்டபடி கிடந்தன. தவிட்டு நிறத்தில் உருண்டை உருண்டையாக. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி. மேலே பனித்துளி இருந்தது. குழிகளுக்குள் ஈரம் இல்லை.

இன்றைய கூட்டை எடுத்தார். சூடாக இருந்தது.

எருக்குழி சூடாகத்தான் இருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மற்ற கூடுகளைத் தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சின்னம்மா அதை வாங்கி ஒருமுறை பார்த்தாள். அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"டாக்டர் வர்ற வரைக்கும் இதைப் பார்த்துக்குங்க. குளிரவிட்டுடாதீங்க."

"உள்ளே ஒண்ணுமில்லையே, சின்னம்மா?"

"அதான். குளிரவிட்டுடாதீங்க."

மறுபடியும் அவரையை உரிக்க ஆரம்பித்தாள்.

முயலுக்கு இடம் விறகு அடுக்கும் கொட்டகையில். பரஞ்சோதி அதையும் தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியில் கூடு. அதன் மேல் இரண்டு கைகள். தவிடு எதிர் மூலைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படுத்தது. அங்கிருந்து பார்த்தது. வெள்ளைக் கண்ணாலா, நல்ல கண்ணாலா என்று தெரியவில்லை.

உச்சிப்பொழுதில் அங்கம்மாள் கஞ்சி கொண்டுவந்தாள். மடத்துச் சமையல் அவளுடையது.

"என்ன மாமோய், அடைகாக்கறீங்களாட்ட இருக்குது? பொரிச்சதும் சொல்லியனுப்புங்க, சக்கரைப் பொங்கல் வெக்கறேன்."

பரஞ்சோதி சிரிக்கவில்லை.

"சரி, ஒரு கையை எடுத்து டம்ளரைப் புடிங்க. கஞ்சி ஆறுது."

"கையை எடுத்தா குளிர்ந்துடும்."

"எதுங்க குளிர்ந்துடும்?"

அங்கம்மாள் குனிந்து அவர் மடியைப் பார்த்தாள். சற்று நேரம் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்தை விட்டுப் போனது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியே போனாள்.

அதற்குப் பிறகுதான் பரஞ்சோதியும் பார்த்தார். கூட்டின் மேல்முடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மூச்சை அடக்கினார். நின்றது.

மூச்சை விட்டார். ஏறியது.

என் மூச்சுதான் என்று நினைத்தார். மறுபடியும் அடக்கிப் பார்த்தார். இந்தத் தடவை அது உடனே நிற்கவில்லை. ஒரு தரம் ஏறி இறங்கிவிட்டு நின்றது.

உள்ளங்கையில் ஏதோ முட்டியது. மூக்கு நுனி அளவுக்கு. பசியில் முட்டுகிற மாதிரி.

முடியை விலக்கிப் பார்த்தார். குழி. வெறும் குழி.

திரும்ப மூடினார். அவசரமாக மூடினார், திறந்ததற்கு வெட்கப்பட்டவர் போல.

நேரம் போகப் போகக் கூட்டில் சூடு கூடியது. அவருக்குக் குளிர் எடுத்தது. முதலில் விரல், பிறகு தோள், பிறகு நெஞ்சு. பனி கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து தரையில் படர்ந்தது. எதிர் மூலையில் முயல் தெரியவில்லை. அது இழுத்துக்கொண்டு வரும் சத்தம் மட்டும் கேட்டது. வைக்கோலில் சரக்... நின்று... சரக்.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டபோதுதான் அவர் குனிந்து தன்னைப் பார்த்தார்.

அவருடைய கம்பளிச் சால்வையில் பாதி இல்லை. விளிம்பிலிருந்து நூல் நூலாகப் பிரிந்துவந்திருந்தது. பிரிந்த நூலெல்லாம் கூட்டைச் சுற்றி, அழகாக, நெருக்கமாகச் செருகப்பட்டிருந்தது. தையல்காரர் விரலுக்குத் தெரிந்த நெருக்கம்.

எப்போது பிரித்தார்? நினைவில்லை.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் இன்னொரு நூலை இழுத்தன.

"பரஞ்சோதி ஐயா! நான் இறங்கப் போறேங்க!" டாக்டர் குரல்.

எழுந்திருக்கப் பார்த்தார். கால்கள் வரவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. தொடையைக் கிள்ளினார். வேறு யாருடையதையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது.

கத்தலாம் என்று நினைத்தார். கத்தினால் அது பயந்துவிடும் என்று தோன்றியது. எது என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கையை ஊன்றி, உடம்பை இழுத்தார். சரக். நின்றார். சரக். பக்கத்தில் இன்னொரு சத்தம் கூடவே வந்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது.

கதவைத் தலையால் முட்டித் திறந்தார்.

வாசலில் சின்னம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் டாக்டர், கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையோடு. அங்கம்மாள் தூரத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, இவருக்கு என்னாச்சு?" டாக்டர் முன்னால் வந்தார். சின்னம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

அவர் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"உள்ளே என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை."

"தெரியுமா?"

"தெரியும், சின்னம்மா. நல்லாத் தெரியும்."

"அப்பக் கீழே வைங்க."

பரஞ்சோதி கையைப் பார்த்தார். விரல்களை விரியச் சொன்னார். அவை கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார். விரல்கள் இன்னும் இறுகின.

கண்ணில் நீர் வந்தது.

"முடியலை."

"ஒண்ணுமில்லேன்னு தெரியும்னீங்களே?"

"தெரிஞ்சு என்ன? முடியலையே!"

பனி அவர்கள் நடுவில் புகுந்து போனது.

"எடுத்துடுங்க, சின்னம்மா" என்றார் பரஞ்சோதி. "நானா வைக்கமாட்டேன். செத்தாலும் சரி, எடுத்துடுங்க."

சின்னம்மா கையை நீட்டவில்லை.

"யார் கேக்கறது? நீங்களா, தவிடா?"

பரஞ்சோதி தலையைத் திருப்பினார். தவிடு அவர் தோளோடு ஒட்டிக் கிடந்தது. நெஞ்சில் பிடுங்க இனி ஒன்றும் இல்லை. விலாவிலிருந்து பிடுங்கிய முடி அதன் வாய் நிறைய இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அது அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும்" என்றார்.