வியாழக்கிழமை வெறும் வயிறு

"மேடம், உங்க கையில சத்தமில்லாம தூங்குற பிள்ளைங்க, என்னைப் பார்த்தா மட்டும் ஏன் அலறுது?"

கேட்டவர் டாக்டர் ஜெயசீலன். பதினெட்டு வருஷம் பெரியவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தவர். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பதில் சொல்ல வேண்டிய டாக்டர் பூங்கோதை அவரைவிடப் பத்து வயது இளையவர். குருவிடம் போய் வயதைக் கேட்பார்களா என்ன?

வியாழன்தோறும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு முதுகுத் தண்டில் ஊசி. வலி தெரியாமலிருக்க முதலில் மயக்க மருந்து.

அன்று நான்கு வயது கனிஷ்காவை மூன்று பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. இனிமேல் பிள்ளையைக் கூட்டி வரவே மாட்டேன் என்று அவள் அம்மா அழுதாள். இன்னும் பதினொரு ஊசி பாக்கி. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். பூங்கோதை கெஞ்சிக் கேட்டதில், இன்னும் ஒரே ஒரு தடவை வருகிறேன் என்று அம்மா இறங்கி வந்தாள்.

"முகத்துக்கு நேரா குனிஞ்சு, தங்கமேன்னுதான் மேடம் பேசினேன்."

"காலையில என்ன சாப்பிட்டீங்க சார்?"

சம்பந்தமில்லாத கேள்விதான். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் ஜெயசீலன் எதையும் ஒளிக்கிறவர் இல்லை. நெய்ப் பொங்கல், மெதுவடை இரண்டு, வெங்காயச் சட்னி, காபி என்று ருசித்தே சொன்னார்.

"அடுத்த வியாழன் அந்தப் பிள்ளைங்க மாதிரியே வெறும் வயித்தோட வாங்க."

அவ்வளவுதான். பூங்கோதை போய்விட்டார்.

அடுத்த வியாழன் கனிஷ்காவின் முறை வரப் பத்தரை ஆகிவிட்டது. அவள் விழுங்கும் மாத்திரைகள் சும்மாவே அகோரப் பசியைக் கிளப்பும். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருப்பதால், ராத்திரிக்குப் பிறகு அவளுக்குத் தண்ணீர் மட்டும்தான். அம்மாவின் கையைப் பிடித்தபடி, அழத் தயாராகப் படுத்திருந்தாள்.

ஜெயசீலன் குனிந்தார். அவர் வயிறு சத்தமாக உறுமியது.

கனிஷ்கா வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"நீயும் சாப்பிடலையா?"

"இல்லடா. ராத்திரியில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

"அப்போ உனக்கும் ஊசியா?"

ஜெயசீலன் படுக்கைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

கனிஷ்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு படுக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் அவருக்கு இடம் விட்டாள்.

"வா, படுத்துக்கோ. தூங்கிட்டா வலிக்காது."

சொன்னபடியே, மருந்து ஏறியதும் அவள் தூங்கிப்போனாள். அம்மா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"அடுத்த ஊசிக்கு என்னைக்கு வரணும் டாக்டர்?"