திருமேனியின் தனிக்குடம்

செவ்வாய்க் கோளில் மனிதர்கள் குடியேறி மூன்று வருஷம் ஆனபோது அங்கே ஒரு மடமும் இருந்தது.

மடம் என்றால் கோபுரம், குளம் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பது பேர் வாழ்ந்த கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு மூலையில் இரண்டு அறை. அதில் ஒரு குரு, ஒரு சீடர். குருவின் பெயர் அருளம்மை. சீடர் திருமேனி அவரைவிட ஏழு வயது மூத்தவர். ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று பூமியில் அவருக்குப் பெண் கிடைக்கவில்லை. கடைசியில் செவ்வாய்க்கே வந்து கீரைப் பாத்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

திருமேனி ஆசாரமானவர். டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்துதான் குடிப்பார். அந்தக் கோளில் எதுவும் அவசரமாக விழாது. பூமியில் மடக்கென்று தொண்டைக்குள் இறங்கும் தண்ணீர் அங்கே யோசித்து யோசித்து இறங்கும். பாதி மூக்குக்குப் போய்விடும். அவர் இருமித் தீர்த்துவிட்டு மறுபடியும் அண்ணாந்து கொள்வார்.

ஒருநாள் தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கும் மாசிலாமணி வந்து மடத்துக் குழாயைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது தம்பி? தரைக்கு அடியிலே ஐஸ் இருக்குன்னாங்களே, அதா?" என்று கேட்டார் திருமேனி.

"அது எப்பவாவது ஒரு குடம் கிடைக்கும் அண்ணாச்சி. மத்ததெல்லாம் நம்மதுதான்."

"நம்மதுன்னா?"

"நாப்பது பேரும் குளிச்சது, துவைச்சது, வாய் கொப்புளிச்சது. அப்புறம் மத்தது."

"மத்ததுன்னா?"

மாசிலாமணி குழாயைத் திருகி மாட்டினான். "மத்ததுதான் அண்ணாச்சி. மிஷின்லே விட்டு சுத்தமாக்கிருவோம். பூமியிலே கூட இப்படித் தண்ணி கிடைக்காது."

திருமேனி மூன்று வருஷமாகக் குடித்ததையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்தார். எழுந்து ஓடினார்.

அன்று அவர் எடுத்த வாந்தியும் அந்த மிஷினுக்குத்தான் போனது.

அருளம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திருமேனி எதிரே வந்து நின்றார்.

"அம்மா, அடுத்தவங்க எச்சில் இல்லாம இங்கே உயிரோட இருக்க வழியே கிடையாதா?"

"உங்க எச்சில் பரவாயில்லையா?"

"என்னுது எனக்கு என்ன அருவருப்பு?"

அருளம்மை மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

"இவருக்குத் தனியா ஒரு சின்ன மிஷின் வேணும். இவரோடது இவருக்கே திரும்பி வரணும். வேற யாரோடதும் கலக்கக் கூடாது."

"அம்மா, அது சரிப்பட்டு வராதே."

"மாட்டிக் கொடுங்க."

தரையடி ஐஸை உருக்கி, யார் வயிற்றுக்குள்ளும் போகாத தண்ணீராக ஒரு குடம் நிறைத்துக் கொடுத்தார்கள். திருமேனி அதற்குப் பொட்டு வைத்தார். குடித்தார். கழித்தார். மிஷின் சுத்தமாக்கிக் குடத்துக்கே திருப்பி விட்டது.

"தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டார் அருளம்மை.

"தேவாமிர்தம் அம்மா."

மூன்றாம் நாள் கேட்டார்.

"நல்லா இருக்கு அம்மா."

ஐந்தாம் நாள் கேட்டார்.

"இருக்கு அம்மா."

குடத்தில் பாதிதான் இருந்தது. திருமேனி குடத்தின் உள்பக்கம் நீர்மட்டத்துக்கு நேராக விபூதியால் ஒரு கோடு இழுத்தார். மூடிக்குப் பூட்டு போட்டார். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். மறுநாள் பூட்டு பூட்டியபடியே இருந்தது. தண்ணீர் கோட்டுக்கு மூன்று விரல் கீழே இருந்தது.

நேரே மாசிலாமணியிடம் போனார்.

"ஏம்ப்பா, கள்ளச்சாவி வச்சிருக்கியா?"

"அண்ணாச்சி, உங்க குடத்துத் தண்ணியை யாராவது திருடுவாங்களா? கும்பிட்டுக் கேட்டாலும் எவனும் தொட மாட்டான்."

"பின்னே எங்கே போகுது?"

மாசிலாமணி கூரையைக் காட்டினான். குளிர்ந்த குழாய் ஒன்றில் முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டிருந்தது. "நீங்க விடுற மூச்சு. உங்க வேர்வை. எல்லாம் ஆவியா மேலே போய், அங்கே குளிர்ந்து, பொதுத் தொட்டியிலே விழுது."

"பேசினா?"

"பேசினாலும் போகும்."

"பதிகம் பாடினா?"

மாசிலாமணி யோசித்தான். "நீங்க பாடுற சத்தத்துக்கு ஒரு பதிகத்துக்கு ரெண்டு கரண்டியாவது போகும்."

அன்றிலிருந்து மடத்தில் பாட்டு இல்லை. வேர்க்கும் என்று திருமேனி பாத்திப் பக்கமும் போகவில்லை. வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மணிக்கு ஒருமுறை துண்டை அவிழ்த்துக் குடத்துக்கு மேலே பிடித்து முறுக்கிப் பிழிவார். ஒரு சொட்டு வரும். சில சமயம் அதுவும் வராது.

போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, மழை உண்டா இன்னைக்கு?"

பதில் சொன்னால் தண்ணீர் செலவாகும் என்று அவர் முறைத்ததோடு சரி.

ஒன்பதாம் நாள் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். விபூதிதான் உதிர்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்தபோது தலை சுற்றியது. சுவரைப் பிடித்துப் பிடித்து குருவிடம் வந்தார்.

"அம்மா, என் தண்ணியை நாப்பது பேரும் குடிச்சுட்டாங்க."

"ஐயோ."

"நீங்கதான் கேட்டு வாங்கித் தரணும்."

"நியாயம்தானே. வாங்க."

அருளம்மை அவருடைய டம்ளரை எடுத்துக்கொண்டு பொதுத் தொட்டிக்கு நடந்தார். அங்கே நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். குருவைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். அவர் குழாயைத் திறந்து டம்ளரை நிறைத்துத் திருமேனி கையில் கொடுத்தார்.

"உங்களோடதை மட்டும் எடுத்துக்குங்க. மத்தவங்களோடதைத் தொட்டியிலே ஊத்திருங்க."

திருமேனி டம்ளருக்குள் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

பின்னால் கைக்குழந்தையோடு நின்ற செண்பகவல்லி சொன்னாள்: "பார்த்து எடுங்க பெரியப்பா. இவன் நேத்து பூரா அழுதான். அதுவும் அதிலேதான் இருக்கும்."

யாரோ சிரித்தார்கள். குழந்தை டம்ளரைப் பார்த்துக் கையை நீட்டியது.

திருமேனி டம்ளரைச் சட்டென்று நிமிர்த்தினார். தண்ணீர் விளிம்புக்கு வந்து, அந்த ஊர் வழக்கப்படி மெதுவாக, திரும்பவும் உள்ளே போனது.

"அம்மா, இதிலே எது என்னுது?"

அருளம்மை குழாயை மூடினார்.

"தாகம் மட்டும்தான் உங்களோடது. குடிங்க."